கடிமரம்

அந்த ஒலிப்பதிவை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ராத்திரி வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு காதில் மாட்டிக்கொண்டு கேட்பது வழக்கமாகிவிட்டது. வயதான ஒருவரின் குரல். அமெரிக்கத் தென்மாநிலத்துக்காரர்கள் சொல்லை இழுத்துப் பேசுவார்களே, அந்த இழுவை. 2011 ஜனவரி 27ஆம் தேதி, அலபாமா மாநிலத்தில் பால் ஃபைன்பாம் நடத்திவந்த வானொலி விளையாட்டு நிகழ்ச்சிக்கு அவர் தொலைபேசியில் வருகிறார். டேட்வில் என்ற சிற்றூரிலிருந்து ஆல் பேசுகிறேன் என்கிறார். முதலில் பழைய மனத்தாங்கல் ஒன்றைச் சொல்கிறார்: அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவின் பெரும் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் 1983 ஜனவரியில் இறந்தபோது, எதிரிக் குழுவான ஆபர்ன் பல்கலைக்கழகத்து ஆட்கள் தங்கள் ஊர் முனையில் இருக்கும் மரங்களில் காகிதம் வீசிக் கொண்டாடினார்களாம். அப்புறம் புதுசு ஒன்று: போன நவம்பரில் இரு குழுவும் மோதியபோது ஆபர்ன் வீரர் கேம் நியூட்டனின் சட்டையைப் பிரையன்ட்டின் சிலைக்கு மாட்டினார்களாம். பிறகு, கடைக்குப் போய்வந்ததைச் சொல்கிற சாதாரணத்தோடு, அந்த மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டேன் என்கிறார். மருந்தின் பெயரையும் சொல்கிறார்: ஸ்பைக் 80டிஎஃப். மரங்கள் செத்துவிட்டனவா என்று கேட்கிறார் நிகழ்ச்சி நடத்துபவர். இன்னும் சாகவில்லை, ஆனால் கட்டாயம் சாகும் என்று பதில் வருகிறது. அது சட்டப்படி குற்றம் ஆயிற்றே என்றதற்கு, அதைப் பற்றித் தனக்குக் கவலையே இல்லை என்கிறார். தன் குழுவின் முழக்கத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

அந்தக் குரலில் வெறியோ குடியோ இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு தொந்தரவு இருந்திருக்காது. ஒரு பைத்தியக்காரனின் செயல் என்று ஒதுக்கிவிட்டுத் தூங்கியிருப்பேன். திரும்பத் திரும்பக் கேட்கும்போது எனக்குப் படுவது வேறு. அந்த மனிதரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விஷம் வைத்தது யாருக்கும் தெரியாது. வேர்க்காலில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது, மரங்கள் குளிர்காலத்தில் பச்சையாகவே நின்றுகொண்டிருந்தன, ஆபர்ன்காரர்கள் நாட்டு வாகையர் பட்டமும் வென்று அதே மரங்களின் மேல் காகிதம் வீசிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் பேசாமல் இருந்திருந்தால், வசந்தத்தில் இலை பழுத்து உதிரும்போது, ஏதோ நோய் என்று நினைத்திருப்பார்கள். மாட்டியிருக்கவே மாட்டார். ஆனால் எதிராளிக்குத் தெரியாமல் எதிராளிக்குச் செய்த தீங்கு, செய்தவனுக்கு முழுமையாவதில்லை போலும். அதை எதிராளியின் காதில் போட்டாக வேண்டியிருக்கிறது. இந்த ஆசையை நான் அறிவேன். எனக்கும் இது ஒரு காலத்தில் இருந்தது. ஒரு கிரிக்கெட் மைதானம், ஒரு தண்ணீர்க் குழாய், நாலு பையன்கள். அதற்கு வருகிறேன். அதை நேராகச் சொல்லத் துணிவு வராமல்தான் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்த இரண்டு மரங்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறேனோ என்றும் சில ராத்திரிகளில் தோன்றுகிறது.

என் அக்கா மகன் ஆபர்னில் இரண்டாண்டு படித்தான். ஒலிப்பதிவை அனுப்பியவனும் அவன்தான். கால்பந்து என்றால் நாம் காலால் ஆடுவதைத்தான் நினைப்போம். அங்கே அது கையில் பந்தை இடுக்கிக்கொண்டு ஆளை முட்டி விழுத்தி ஓடும் ஆட்டம். சனிக்கிழமைதோறும் ஊர் மொத்தமும் அரங்கத்துக்குள் போய்விடும் என்பான். ஜெயித்தால் கூட்டம் அப்படியே நடந்து காலேஜ் தெருவும் மக்னோலியா சாலையும் சந்திக்கும் முனைக்கு வரும். எதிரே டூமர்ஸ் என்ற பழைய மருந்துக்கடை. எலுமிச்சைச் சாறுக்குப் பேர்போனது. பல்கலைக்கழக வாசலின் இரு பக்கமும் இரண்டு ஓக் மரங்கள். அவற்றின் மேல் கழிப்பறைக் காகிதச் சுருளை வீசுவார்கள். தந்தி இருந்த நாளில், வெளியூரில் ஆடிய ஆட்டத்தின் வெற்றிச் செய்தி அந்தக் கடைக்குத்தான் முதலில் வருமாம். கடைப் பையன்கள் தந்திக் கருவியின் காகித நாடாவை எடுத்து வெளியே கம்பிகள்மேல் வீசுவார்களாம். அதிலிருந்து வந்த வழக்கம் என்று ஊர் சொல்கிறது. என் மருமகன் முதல்முறை வீசிய சுருள் எங்கும் மாட்டாமல் கல் மாதிரி கீழே விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, அவனை யாரென்றே தெரியாது, சுருளை வாங்கி இரண்டு முழம் வாலாக இழுத்துவிட்டு, இப்படிப் பிடித்து மேல் நோக்கி விடு என்று காட்டியிருக்கிறார். அடுத்த வீச்சில் அது கிளையைத் தாண்டி வெள்ளை ஓடைபோல விரிந்து தொங்கியது. “மாமா, எனக்கு அந்த ஊர்ல அன்னிக்குத்தான் பயம் போச்சு” என்றான். இதை எழுதும்போது அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. தனியாகப் போய் இறங்கிய ஒரு பையனுக்கு ஊர் தன்னைத் திறந்துகாட்டியது அந்த மரத்தின் கீழேதான். அது என்ன இனம் என்று அவன் பார்க்கவில்லை. லைவ் ஓக் என்று பெயர். குளிர்காலத்தில் மற்ற ஓக் மரங்கள் மொட்டையாக நிற்கும்போது இது மட்டும் இலையோடு உயிராக நிற்பதால் அந்தப் பெயர்.

அந்த விஷம் வேலைசெய்யும் முறையைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டெபுதையூரான் என்பது வேதிப்பெயர். மேய்ச்சல் நிலங்களில் புதரையும் கட்டைபோன்ற தண்டுள்ள செடியையும் ஒழிக்க உண்டாக்கியது. மண்ணில் போட்டால் மழைநீரோடு இறங்கி வேரை அடையும். வேர் அதைத் தண்ணீர் என்று நம்பி உறிஞ்சி மேலே அனுப்பும். இலைக்குப் போய்ச் சேர்ந்ததும், வெயிலை உணவாக்கும் வேலையை அது நிறுத்திவிடும். இலை பழுத்து உதிரும். மரம் தன் உடம்பில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்து மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிரிலும் விஷம் ஏறும். அதுவும் உதிரும். சேமிப்பு தீரும்வரை இது நடக்கும். அதாவது, சாகும் மரம் வெளிப்பார்வைக்குத் துளிர்த்துக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை வரும். 2011 பிப்ரவரி 16ஆம் தேதி பல்கலைக்கழகம் செய்தியை வெளியிட்டபோது, எடுத்த மண் மாதிரிகளில் மிகக் குறைந்த அளவே பத்து லட்சத்தில் 0.78 பங்கு என்றும், அதுவே மரத்தைக் கொல்லப் போதும் என்றும் சொன்னார்கள். மிக அதிகமான மாதிரியில் 51 பங்கு இருந்தது. தோட்டக்கலைத் துறைக்காரர்கள் வேர்ப்பகுதி மண்ணைத் தோண்டி எடுத்தார்கள், விஷத்தை இழுத்துப் பிடிக்கும் கரியைக் கொட்டினார்கள், பட்டினி கிடக்கும் உடம்புக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல மரத்தில் சர்க்கரைக் கரைசலை ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் இந்த வைத்தியம். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரனின் வேப்பமரத்தில் துளை போட்டுப் பெருங்காயத்தையோ பாதரசத்தையோ ஒருவன் அடைத்துவிட்டான் என்று பேசிக் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சில் எப்போதும் ஒரு வேலித் தகராறு இருக்கும், மரம் நிற்கும் இடம் யாருக்கு என்ற கேள்வி இருக்கும். டேட்வில்காரருக்கு அந்த மரங்கள் நின்ற இடத்தில் ஓர் அடி மண்கூட வேண்டியிருக்கவில்லை.

கல்லூரிகளுக்கிடையே குறும்பு என்பது அந்த நாட்டில் ஆட்டத்தைப்போலவே பழசு. எனக்கு மிகவும் பிடித்தது இதே ஆபர்னில் 1896இல் நடந்ததாகச் சொல்லப்படுவது. ஜார்ஜியா டெக் குழு ரயிலில் வருகிறது. முந்தின ராத்திரி மாணவர்கள் தண்டவாளத்தில் கொழுப்பைத் தடவிவிட்டார்கள். பிரேக் போட்டும் ரயில் நிற்காமல் நிலையத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போய், சுமார் 5 மைலுக்கு அப்பால் நின்றதாம். வீரர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து, ஆடி, 45க்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். 2004இல் யேல் மாணவர்கள் ஹார்வர்டு உற்சாகக் குழுபோல வேஷம் போட்டு, ஹார்வர்டு பக்கத்து ரசிகர்கள் 1,800 பேர் கையில் சிவப்பும் வெள்ளையுமாக அட்டை கொடுத்துத் தூக்கச் சொன்னார்கள். எதிர்வரிசையிலிருந்து பார்த்தால் ‘நாங்கள் மட்டம்’ என்று படித்தது. இவற்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதே வரிசையில் இன்னும் கொஞ்சம் தள்ளினால் சிரிப்பு நின்றுவிடுகிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் காளை ஒன்று இருந்தது. 1917இல் எதிரிக் கல்லூரி மாணவர்கள் அதைப் பிடித்து, தாங்கள் 13க்குப் பூஜ்யம் என்று ஜெயித்திருந்த கணக்கை அதன் விலாவில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு எழுதினார்கள். கடைசியில் 1920இல் அதன் சொந்தக்காரர்களே அதை வெட்டி விருந்தில் பரிமாறினார்கள். 2021 நவம்பரில் ராணுவக் கழக மாணவர்கள் கடற்படைக் கழகத்தின் வெள்ளாட்டைத் திருடப் பண்ணைக்குள் புகுந்தார்கள். இருட்டில் கூச்சல், விரட்டல். அகப்பட்டது அவர்கள் தேடிப்போன ஆடு இல்லை, ஓய்வுபெற்ற, மூட்டுவாதம் பிடித்த, ஒற்றைக் கொம்பு ஆடு. அந்த ஆட்டை நினைத்துக்கொள்கிறேன். நாலு பேர் தூக்கி வண்டியில் போடும்போது அதற்கு என்ன விளங்கியிருக்கும்? லாஸ் ஏஞ்சலிஸில் ஆட்ட வாரம் வந்தாலே தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து வீரன் சிலைக்கு உறை போட்டுக் கட்டி, மாணவர்கள் ராத்திரி முழுக்கச் சிலையடியில் காவல் படுக்கிறார்கள். எதிரிகள் பெயின்ட் ஊற்றிவிடக் கூடாது என்று. சிலைக்காவது தோல் இல்லை.

எது குறும்பு, எது கொடுமை என்று கோடு கிழிக்க நான் பல முறை முயன்று தோற்றேன். செய்தவனின் மனசைப் பார்த்தால் கோடு தட்டுப்படுவதில்லை. தண்டவாளத்தில் கொழுப்பு தடவியவனுக்கும் காளையைச் சுட்டவனுக்கும் ராத்திரி நெஞ்சு ஒரே மாதிரிதான் அடித்திருக்கும். ஒரே மாதிரி வாயைப் பொத்திச் சிரித்திருப்பார்கள். செலவைப் பார்த்தால், 5 மைல் நடந்தவர்களின் கால் வலியும் செலவுதான். கண்ணில் படுவது ஒன்றே ஒன்று: இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ள மூன்றாவது ஒன்றை எடுத்து அதன்மேல் எழுதுகிறார்கள். காளையின் விலா, ஆட்டின் கழுத்து, மரத்தின் வேர். எழுதப்படும் அது இந்த ஆட்டத்தில் ஒரு பக்கமாகச் சேர்ந்ததே இல்லை. தண்டவாளத்தில் வழுக்கிப்போனவர்கள் ஆட வந்தவர்கள். அட்டையைத் தூக்கியவர்கள் ஆட்டம் பார்க்க வந்தவர்கள். நாளைக்குத் திருப்பிச் செய்ய அவர்களுக்குக் கையும் காலும் உண்டு. இதையும் முழுசாக நம்ப முடியவில்லை என்னால். அந்த ரயிலில் ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கர்ப்பிணி இருந்திருந்தால்? பிரேக்கை இழுத்துக்கொண்டு நின்ற ஓட்டுநர்? அவர் என்ன நினைத்தார் என்று கதையில் ஒரு வரி இல்லை. நூறு வருஷமாக அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் யாரும் எஞ்சின் பெட்டிக்குள் எட்டிப்பார்க்கவில்லை. போன பத்தியில் நானும் பார்க்கவில்லை.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் கடிமரம் நினைவுக்கு வராமல் போகாது. குறுநில மன்னன் ஒவ்வொருவனுக்கும் ஒரு காவல் மரம். பகைவன் அதைத் தொட்டால் குலத்தையே தொட்டதுபோல. பழையன் என்பவனின் வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டி, பெண்களின் கூந்தலைத் திரித்த கயிற்றால் யானைகளைப் பூட்டி இழுத்துவந்தான் என்கிறது பதிற்றுப்பத்தின் பதிகம். நெடுஞ்சேரலாதன் கடம்பை வெட்டி அதில் முரசு செய்தான். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது வீரம் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். இப்போது படித்தால் யானை இழுத்துப்போன மரத்தின் கிளைகள் தெருப் புழுதியைப் பெருக்கிக்கொண்டு போன சத்தம்தான் கேட்கிறது. நன்னன் என்ற குறுநில மன்னனின் மாமரக் கதை இன்னும் மோசம். ஆற்றில் மிதந்துவந்த காயை எடுத்துத் தின்ற ஒரு பெண்ணை அவன் கொன்றான். அது அவனுடைய காவல் மரத்தின் காய் என்பது உரைகாரர்கள் சொல்வது. 81 யானையும் அவள் எடைக்குப் பொன்னால் பாவையும் தருகிறோம் என்றும் அவன் கேட்கவில்லை. பிறகு கோசர் என்ற குடியினர் அவனுடைய நறுமாவையே வெட்டினார்கள். பரணர் இந்த இரண்டையும் குறுந்தொகையில் இரண்டு வேறு காதல் பாட்டுகளில் சொல்லிவைத்திருக்கிறார். மரத்துக்காகப் பெண்ணைக் கொன்ற பழி அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மரத்தைக் காத்தவன்மேல் நமக்கு வந்திருக்க வேண்டிய இரக்கத்தை அந்தப் பெண்ணின் சாவு தடுத்துவிடுகிறது. ஒரு மரத்தின்மேல் இவ்வளவு மானத்தை ஏற்றிவைத்தால், அதைக் காப்பவனும் வெட்டுபவனும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்களோ என்று எனக்கு ஐயம். ஆனால் சேரன் வெளிப்படையாக வெட்டினான், ஜெயித்த பிறகு வெட்டினான், முரசு கொட்டிச் சொன்னான். இந்தக் கிழவர் தோற்ற பிறகு வைத்தார், ஒளிந்து வைத்தார். முரசுக்குப் பதில் தொலைபேசி.

அவர் பெயர் ஹார்வி அப்டைக். 62 வயது, டெக்சஸ் மாநிலக் காவல்துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். பிப்ரவரி 17ஆம் தேதி பிடித்தார்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு நாளும் படித்ததில்லை. என் கட்டுரையில் இதைவிடத் துயரமான செய்தி இல்லை என்று நினைக்கிறேன். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தவர். பிரையன்ட்டைத் தகப்பன் இடத்தில் வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு அந்தக் குழுவின் பட்டப்பெயரையும் பயிற்சியாளரின் பெயரையும் சூட்டினார். 2010 நவம்பர் 26ஆம் தேதி டஸ்கலூசாவில், சொந்த அரங்கத்தில், அலபாமா 24க்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தது. கேம் நியூட்டன் ஒவ்வொரு படியாக ஏறிவந்தார். ஆபர்ன் 28, அலபாமா 27. ஒரு புள்ளி. 24 புள்ளி முன்னால் இருந்துவிட்டு ஒரு புள்ளியில் தோற்பது என்ன என்று, எந்த ஆட்டத்தையாவது மனசோடு பார்த்தவனுக்குத் தெரியும். அந்த ராத்திரி சாப்பிட முடியாது. யாராவது ஆறுதல் சொன்னால் அடிக்கத் தோன்றும். போதாததற்குத் தகப்பன் இடத்தில் இருப்பவரின் சிலைக்கு எதிரியின் சட்டை. சட்டையை மாட்டிய பையன், அது யாராக இருந்தாலும், அதை ஐந்து நிமிஷச் சிரிப்பு என்றுதான் நினைத்திருப்பான். குறும்பு புறப்படும் இடத்தில் ஒரு எடை, போய்ச் சேரும் இடத்தில் வேறு எடை. தனக்குள் அலபாமா அளவுக்கு மீறி இருந்துவிட்டது என்ற பொருளில் அவர் பிறகு ஒருமுறை சொன்னார். 2013 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்றாண்டுத் தண்டனையில் ஆறு மாதம் சிறை, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, கல்லூரி ஆட்டங்களுக்குப் போகத் தடை, ஏறக்குறைய 8 லட்சம் டாலர் இழப்பீடு. அதில் மிகச் சிறு பகுதியைத்தான் கட்டினார். 2020 ஜூலையில், 71 வயதில் இறந்தார். ஆட்டம் பார்க்கப் போகக் கூடாது என்று விதித்த நீதிபதியை நினைக்கிறேன். எங்கே வலிக்கும் என்று அறிந்து விதித்திருக்கிறார். அது சரியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மருந்து எந்த இடத்தில் ஏறியதோ அந்த இடத்துக்கான தண்டனை அது.

அன்பு செய்தவர்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெற்றி ராத்திரிக்கு மறுநாள் காலையில் என் மருமகன் அந்த முனை வழியாக வகுப்புக்குப் போவான். பனியில் நனைந்த காகிதம் ஊறிய அவல் மாதிரி இலையில் ஒட்டிக்கிடக்குமாம். வேலையாட்கள் குழாயைப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். காகிதத்தோடு இலையும் குச்சியும் சேர்ந்து கொட்டும். வருஷத்துக்கு எத்தனை வெற்றி, எத்தனை பீய்ச்சல். விஷத்துக்கு முன்பே அந்த மரங்கள் நல்ல வலுவில் இல்லை. சுற்றிலும் சிமென்ட், மேலே காகிதம். மரத்தை ஊர் நேசித்தது உண்மை. அந்த நேசத்தை மரத்தின் மேல்தான் வீசினார்கள் என்பதும் உண்மை. வைத்தியம் பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகு, 2013 ஏப்ரல் 20ஆம் தேதி, பயிற்சி ஆட்டம் ஒன்று. எதிரிக் குழு கிடையாது, தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுவது. அதைப் பார்க்க 83,401 பேர் வந்தார்கள். கடைசியாக ஒரு முறை வீசுவதற்கு. அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். இலையில்லாத கிளைகள், நிறையக் கிளைகள் ஏற்கெனவே வெட்டுப்பட்டவை. மேலிருந்து கீழ்வரை வெள்ளை. சாகக் கிடக்கும் மரத்தின்மேல் காகிதம் வீசுவது கொண்டாட்டமா, கோடி போர்த்துவதா? அப்பாவின் தோளில் உட்கார்ந்து வீசிய குழந்தைக்கு அது என்னவாக நினைவிருக்கும்? மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 23, மரங்களை அறுத்துக் கீழே இறக்கினார்கள். அந்தக் கட்டையில் நினைவுப் பொருள்கள் செய்து விற்றார்கள். சேரன் பகைவனின் மரத்தில் முரசு செய்தான். இவர்கள் தங்கள் மரத்தைத் தாங்களே எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஆட்டக் காலத்தில் மரம் இருந்த இடத்தில் கம்பம் நட்டுக் கம்பி கட்டினார்கள். நவம்பர் 30ஆம் தேதி, அலபாமா கோலுக்கு உதைத்து எட்டாமல் விழுந்த பந்தைக் கடைசி நொடியில் பிடித்து, மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருவர் ஓடி, ஆபர்ன் 34க்கு 28 என்று ஜெயித்தது. அன்றைக்கு ஊரே கம்பியில் வீசியது. தந்திக் காலத்துக் கடைப் பையன்கள் வீசியதும் கம்பியில்தானே. 2015 பிப்ரவரியில் புது ஓக் நட்டார்கள். ஒன்று பிடிக்காமல் அதே ஜூலையில் மாற்றினார்கள். 2016 செப்டம்பரில் ஒரு வெற்றி ராத்திரி, தொங்கிய காகிதத்தில் ஒருவன் தீ வைத்தான். மறுபடி மாற்றினார்கள்.

இரண்டு பக்கமும் நல்லவர்கள் இருந்தார்கள் என்று சொல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும். விஷச் செய்தி வந்ததும் அலபாமா ரசிகர்கள் வெட்கப்பட்டுப் பணம் திரட்டினார்கள், சுமார் 50,000 டாலர், எதிரியின் மரத்தைக் காப்பாற்ற. ‘டூமர்ஸுக்காக டைட்’ என்று அதற்குப் பெயர்; டைட் என்பது அலபாமாக் குழுவின் பெயர். இரண்டு மாதம் போனது. ஏப்ரல் 27ஆம் தேதி டஸ்கலூசாவைச் சூறாவளி கிழித்துக்கொண்டு போனது. மாநிலம் முழுக்க 200க்கு மேற்பட்டோர் செத்தார்கள். ஆபர்ன் ரசிகர்கள் தண்ணீரும் துணியும் ஏற்றிக்கொண்டு போனார்கள். தங்கள் அமைப்புக்கு ‘டஸ்கலூசாவுக்காக டூமர்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவர்களுடைய வரலாற்றில் ஒன்று உண்டு: இந்த இரண்டு கல்லூரிகளும் 1907க்குப் பிறகு 41 வருஷம் தங்களுக்குள் ஆடவே இல்லை. 1948இல் மறுபடி ஆடத் தொடங்கியபோது, இரு பக்கத்து மாணவர் தலைவர்களும் பர்மிங்ஹாமில் ஒரு பூங்காவில் குழி வெட்டி, நிஜமாகவே ஒரு கைக்கோடரியைப் புதைத்தார்கள். பகை ஒழிந்தது என்பதற்கு அங்கே அதுதான் சடங்கு. கோடரி புதைத்ததும் மண்ணில், மருந்து போட்டதும் மண்ணில். மண் இரண்டையும் வாங்கிக்கொண்டது.

என் கதை இவ்வளவுதான். கல்லூரிகளுக்கிடையேயான போட்டி, காலிறுதியில் எங்களை ஒரு கல்லூரி தோற்கடித்தது. நடுவர் தப்பாகக் கொடுத்த ஒரு அவுட் என்று அப்போது நம்பினோம். அவர்களுடைய அரையிறுதி மறுநாள் காலை, அவர்கள் மைதானத்தில். நாங்கள் அங்கேயே ஒரு கூடத்தில் தங்கியிருந்தோம். ராத்திரி நாலு பேர் எழுந்து போய், செடிக்கு விடும் ரப்பர்க் குழாயை இழுத்துப் பிட்ச்சின் நடுவில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டோம். ஒருவன் குதிகாலால் ஊறிய மண்ணை மிதித்துக் குழப்பினான். நான்தான் அவன். சேறு விரலிடுக்கில் ஏறிய குளிர்ச்சி இன்னும் தெரிகிறது. திரும்பி வந்து போர்வைக்குள் சிரித்தோம். விடிந்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் முதல் ஆளாக மைதானத்துக்குப் போனேன். அந்தக் கல்லூரிப் பையன் ஒருவனும் வந்திருக்கவில்லை. மார்க்கர் மட்டும் இருந்தார். கோடு போட, வலை கட்ட, ரோலர் இழுக்க என்று மைதானத்துக்கு ஒரு ஆள் இருப்பாரே, அவர். ஐம்பதைத் தாண்டியிருக்கும். காக்கி அரைக்கால்சட்டை, தலையில் துண்டு. பிட்ச்சின் ஓரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை மண்ணில் வைத்து அழுத்தி எடுத்தார். கை பதிந்த இடத்தில் தண்ணீர் ஊறி நின்றது. கையைக் கொஞ்சம் தள்ளி மறுபடி வைத்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல, கிரீஸிலிருந்து கிரீஸ்வரை, அப்படியே தவழ்ந்து போனார். பி.டி. சார் வந்து கத்துவதற்குள் அதைக் காயவைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. யார் செய்தது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, “தம்பி, அந்த மம்பட்டியக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க” என்றார். எடுத்துக் கொடுத்தேன். உலர்ந்த மண் கொண்டுவரக் கோணிப்பை பிடிக்க ஆள் வேண்டும் என்றார். பிடித்துக்கொண்டேன். ரோலர் இழுக்கவும் ஒரு கை கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ரோலரின் இரும்பு அந்த ஈரத்தில் பதிந்து பதிந்து ஒட்டியது. ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று, ஒரு தகரத் துண்டால் அதைச் சுரண்டிவிட்டார். எட்டு மணிக்கு வெயில் ஏறியது. எந்தக் காலேஜ் என்று கேட்டார். சொன்னேன். நேத்து நல்லா ஆடுனீங்க என்றார். டீக்கடைக்குக் கூட்டிப்போய், அவர் காசில், எனக்கும் ஒரு டீ சொன்னார்.